கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் நிழற்படமும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுந் தடை அவரேயாவர். மலாயாவில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம் என்னும் அன்பர் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை வேண்டி எழுதியபொழுது, தம்மைப் பற்றிய செய்திகளில் தமக்கு ஈடுபாடு இல்லையென்றும், புகழ்பெற்றோரின் சொந்த வாழ்வை அச்சிட்டுப் பரப்பும் இக்கால வழக்கம் தகாதவோர் ஆவலுக்குத் தீனியிடுவதே என்றும் அவர் மறுமொழி விடுத்தார். அடக்கத்தினால் அன்று, கொள்கையினாலேயே அவ்வாறு கூறுவதாகவும் தெளிவுபடுத்தினார். மானிடரின் உருவத்தைச் சமைத்தல் சுவர்க்கத்துக்கு வழியாகாது என்பது சுக்கிரநீதி விதித்தது. கல்லிலும் வண்ணத்திலும் சமைப்பதற்குச் சொன்ன அவ்விதியைச் சொல்லினாற் சமைக்கும் உருவத்துக்கும் அவர் ஏற்றிக்கொண்டார்.

ஆயினும், இத்தகைய மலரொன்று கைக்கு வந்ததும் பழைய மாணவர் முதலிலே தேடுவது கட்டுரைகளையல்ல, வரிசை வரிசையாய் நிற்கும் கூட்டுப் படங்களில் தமது முகத்தையே என்பதை நாமறிவோம். எம் நாட்டுக் கல்லூரி மண்டபங்களின் சுவர்களிலே தொங்கும் பெரியார் படங்களுட் சில கமராவினாற் பிடிக்கப்பட்டவை. வேறு சில, அப்படங்களைப் பார்த்து ஓவியர் தீட்டியவை. இரண்டும் ஒருவரையே காட்டுகின்றன. ஆனால் இரண்டும் காட்டுவது ஒரே உண்மையைத்தானா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் வெவ்வேறு வடிவிற் சுமந்து திரிந்தவர் குமாரசுவாமி அவர்கள். ஆகவே அவர் விரும்பாத காரியத்தை, அவர் ஆராய்ந்த வினாவின் பொருட்டு ஈண்டுச் செய்யத் துணிகின்றோம்.

பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலைத் தாயகமாகக் கொண்டு கொழும்பிலே உயர்நிலை எய்திய குடும்பம் அவருடையது. பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் 1835ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் முதன்முதலாகத் தமிழர் சார்பில் அமர்ந்தவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி இலண்டனிற் பாரிஸ்டராகி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்து, 1874இல் சேர் பட்டம் பெற்றவர். தாயார் எலிசபெத் பீபி அம்மையார் ஆங்கிலேயர். 1877 ஓகஸ்ட் 22ஆம் நாள் கொள்ளுப்பிட்டியிற் பிறந்த குழந்தையைத் தாயார் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவர்களைப் பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879 மே மாதத்திற் கொழும்பிலேயே காலமானார். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தந்தையின் முகம் நினைவில் நின்றிருத்தல் இயலாது. எஞ்சிய உருவங்களின் வாயிலாகவும் பிறர் சொல்லின் வாயிலாகவுமே அவர் தம் தந்தையை அறிந்திருத்தல் வேண்டும். ஓர் உருவம் ஒரு மனிதரை எவ்வளவு தூரந் தாங்கும் என்னும் வினா அவருக்குத் தொட்டிற் பருவத்திலேயே வந்துவிட்டது என்று நாம் கூறின் அது மிகையாகலாம். எனினும் கூறாமல் விட மனம் ஒப்பவில்லை.

கலாயோகியை ஞானியாகவே எண்ணிப் பழகிவிட்ட நாம், அவர் முதலிலே கல்லை உடைத்து ஆராய்ந்த விஞ்ஞானி என்பதை மறந்துவிடுகின்றோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இற் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னுங் கதிரியக்கக் கனிப்பொருளை 1904ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் அவரே. கதிரியக்கம் என்பதே நிழற்படத் தகட்டினால் வெளிப்பட்ட புதுமை. கறுப்புத் தாளிற் சுற்றிய தகடொன்றின்மேல் யுரேனிய உப்பை வைத்த பெக்கரெல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, ஒளி படாத தகடும் கறுத்திருக்கக் கண்டது 1896இல். கண்ணுக்குப் புலப்படாததையும் தகடு பதிந்துகொள்ளும் என்பதை அக்காலத்து விஞ்ஞானிகள் யாவரும் அறிந்திருந்தனர். ஆகவே நிழற்படத்தைப் பற்றிக் குமாரசுவாமி பிற்காலத்தில் எண்ணியவற்றை, எந்திரத்தை அறியாத ஒரு பழமைவாதியின் வெறுப்பென எவருந் தள்ளிவிடல் ஆகாது.

கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டது கண்டி நாட்டுக் கிராமங்களிலே. அவரும் முதல் மனைவியாராகிய எதெல் அம்மையாரும் ஊரூராய்ச் சென்று, விகாரைச் சுவரோவியங்களையும், தந்த வேலைகளையும், பாய்களையும், மட்பாண்டங்களையும் ஆராய்ந்தனர். குறிப்பெழுதியவர் கணவர், கமராவைப் பிடித்தவர் பெரும்பாலும் மனைவியார். அவ்வுழைப்பின் பயனாய் 1908இல் வெளிவந்ததே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். எந்திர உற்பத்தியை வாழ்நாள் முழுதும் எதிர்த்த வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரின் அச்சுப்பொறியிலேயே, இங்கிலாந்தில் தமது இல்லத்தில் வைத்து, 425 பிரதிகளை அவர் கையச்சாக அச்சிடுவித்தார். கைத்தொழிலின் அழிவை எண்ணி இரங்கும் நூல் கையினால் அச்சாகின்றது; அதன் சான்றுகளோ கமராவின் வழியாக வருகின்றன. இதனை முரண்பாடு என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சுவரில் உள்ளது யாது, எவ்வளவு சிதைந்துளது என்று சாட்சி சொல்லக் கமராவிற் சிறந்த சாட்சி இல்லை. சாட்சிக்குரிய இடத்தில் அதனை அவர் வைத்தார்.

அந்நூலில் அவர் விரித்துரைத்த நேத்திர மங்கலச் சடங்கு இங்கே நின்று நோக்குதற்குரியது. புத்தர் திருவுருவம் முழுதும் எழுதி முடிந்த பின்னரும் அதன் கண்கள் எழுதப்படாதிருக்கும். குறித்த முகூர்த்தத்திலே, கதவடைத்த இல்லத்துள்ளே, சிற்பாசாரி அக்கண்களைத் தீட்டுவார். அப்பொழுதும் திருமுகத்தை நேரே நோக்கார். எதிரிலே பிடித்த கண்ணாடியிற் காணும் பிம்பத்தை நோக்கியே தீட்டுவார். முடிந்ததும் அவருடைய கண்களை மூடி வெளியே அழைத்துச் சென்று, முதற்பார்வை வேறொரு பொருளின்மேல் விழுமாறு செய்வர். எமது ஆலயங்களிலே தபதி பொன்னூசியால் நிகழ்த்தும் நயனோன்மீலனத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கமராவினுள்ளும் கண்ணாடி உண்டு. ஆசாரியின் கையிலும் கண்ணாடி உண்டு. கமராவின் கண்ணாடியோ எதிரே நிற்பதை உள்ளே வாங்குகின்றது. ஆசாரி கண்ணாடியை நாடுவது, தாம் எழுதியது தம்மைத் திரும்பி நோக்கும் என்னும் அச்சத்தினால். தன்னை எவரோ பார்க்கின்றார் என்று அஞ்சுங் கமராவை நாம் கண்டதில்லை.

இவ்வாறு மரபுவழிக் கைவினையை நெஞ்சிற் கொண்டவர்க்கு இரவிவர்மாவின் படங்கள் உவப்பளிக்கவில்லை. 1906இல் மறைந்த அப்பேரோவியர், 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாகத் திருமகளையும் கலைமகளையும் வீடுகள்தோறும் புகவிட்டவர். யாழ்ப்பாணத்துப் பூசையறைகளிலும் அப்படங்களுக்கும் அவற்றைப் பின்பற்றியனவற்றுக்கும் இன்றுவரை தூபதீபம் நடைபெறுகின்றது. அவற்றிலே தேவியர் மாமிசமும் நிழலும் உடைய மாதராய், அணிந்த சேலையின் மடிப்புத் தெரிய நிற்பர். நாடக மேடைத் தோற்றமும் கற்பனை வறுமையும் உடையன என்று குமாரசுவாமி அவற்றைக் கடிந்தார். மேனாட்டுக் கல்விமுறையில், முன்னே ஒருவரை நிறுத்தி, ஒளி விழும்படி அப்படியே தீட்டும் ஓவியம், கமரா செய்வதைக் கையினாற் செய்ய முயல்கின்றது. முன்னே நின்றவளுக்குச் சரசுவதி என்று பெயரிடுவதனால் அவள் சரசுவதி ஆகிவிடுவதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம். கருத்து நேரியது, தீர்ப்புச் சற்றுக் கடியது என்று நாம் எண்ணுகின்றோம். எம் பாட்டிமார் அப்படங்களின் முன்னின்று கண்ணீர் பெருக்கியபொழுது சேலை மடிப்பையா கண்டனர்?

மறுபுறத்திலே, உடற்கூற்றுக்கு ஒவ்வாதது கலையன்று என்பாரையும் அவர் எதிர்த்து நிற்க நேர்ந்தது. 1910இல் இலண்டன் கூட்டமொன்றிலே ஜோர்ஜ் பேட்வுட் என்னும் அறிஞர், சாவகத்துப் புத்தர் சிலையொன்றை வேகவைத்த பணியாரத்துக்கு ஒப்பிட்டு எள்ளினார். அவ்வெள்ளலுக்கு மறுப்பாகவே இந்தியக் கலைக்கென ஒரு சங்கம் இலண்டனில் எழுந்தது. அதன் முன்னோடிகளுள் குமாரசுவாமியும் ஒருவர். சிவபெருமானின் திருநடனம் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1912இற் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகையிலே வெளியாகி, 1918இல் நூலின் பெயராயிற்று. நான்கு திருக்கரங்களை உடைய ஒருவரைக் கமரா காணாது. படைத்தலைத் துடியும், காத்தலை அமைந்த கையும், அழித்தலை அனலும், மறைத்தலை ஊன்றிய தாளும், அருளலைத் தூக்கிய பாதமும் காட்டும் அவ்வுருவம், கண்ட ஒன்றின் நகலன்று. உணர்ந்த ஒன்றின் வரைவு.

எனினும் அத்திருவுருவம் கடல் கடந்து பெருமை பெற்ற விதத்தை நோக்குங்கால் கமராவுக்கும் ஒரு பங்கு கொடுத்தே ஆகவேண்டும். சென்னை நூதனசாலையிலுள்ள நடராச விக்கிரகங்களை நேரிற் காணாத பிரெஞ்சுச் சிற்பி றோடின், அவற்றின் நிழற்படங்களைக் கண்டே வியந்து எழுதினார். அவ்வெழுத்து, குமாரசுவாமியின் எழுத்தோடு ஒரே தொகுதியில் 1921இற் பாரிசிலே வெளிவந்தது. செம்பு அங்கேயே இருக்க, அதன் நிழல் பாரிசு சென்று ஒரு பெருங் கலைஞனின் நெஞ்சை அசைத்தது.

அவர் வட இந்தியாவிலே திரிந்து இராசபுத்திர ஓவியங்களைத் திரட்டிய கதை தனியே ஒரு நூலுக்குரியது. அச்செல்வத்தைக் காசியிலே ஒரு தேசிய நூதனசாலைக்குத் தர முன்வந்தார்; அதனை ஏற்று நடத்துவார் இலர். 1917இல் அத்திரட்டு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றது. அதனைக் காக்கும் பொறுப்பேற்று அவருஞ் சென்றார். வட்டுக்கோட்டை மக்களாகிய எமக்கு இங்கே ஒரு சிந்தனை எழுகின்றது. 1823ஆம் ஆண்டில் எம்மூரிலே செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனாரிமாரை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடம் பொஸ்டன். எமக்கு வேதம் போதிக்க ஆளனுப்பிய நகருக்கு, ஒரு நூற்றாண்டு கழியுமுன், எம் கலையைப் போதிக்கச் சென்றார் யாழ்ப்பாணத்து வழிவந்த ஒருவர்.

பொஸ்டனிலே அவர் பொறுப்பில் இருந்தவற்றுள் ஒரு சிறு சித்திரம் உண்டு. 1618இல் மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர், அபினியாலும் மதுவாலும் உடல் வற்றி மரணத் தறுவாயிலிருந்த இனாயத்கான் என்னும் அரசவையாளனைக் கண்டு, அவனை உள்ளவாறே வரையும்படி ஓவியரை ஏவினான். திண்டிற் சாய்ந்து, விலாவெலும்பு தோன்ற, பார்வை மங்கிய அம்மனிதன் இன்றும் அத்தாளிலே இறந்துகொண்டேயிருக்கின்றான். கமரா தோன்றுதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, கமராவின் ஆவல் ஓவியனின் கையிற் புகுந்துவிட்டதை இது காட்டுகின்றது. மொகலாய ஓவியம் இன்ன நாளில் இன்ன ஆள் இவ்வாறிருந்தான் என்று சொல்லும்; இராசபுத்திர ஓவியம், காதலில் மகளிர் எவ்வாறிருப்பர், மழைக்காலம் எவ்வாறிருக்கும் என்று சொல்லும். இவ்வேறுபாட்டை 1916இல் வெளிவந்த தமது இரு பாக நூலிலே குமாரசுவாமி நிலைநாட்டினார். இங்கே ஒன்று தெளிவாகின்றது. வேற்றுமை கைக்கும் பொறிக்கும் இடையிலன்று. உள்ளது ஒன்றைக் காட்டும் நோக்கம் ஒன்று. உள்ளதன் இயல்பைக் காட்டும் நோக்கம் மற்றொன்று. இரண்டும் ஓவியத்திலேயே உண்டு.

அவ்வாறாயின் நிழற்படத்திலும் இரண்டும் இருத்தல் கூடுமோ? இவ்விடத்திலேதான் கலாயோகி தம்மை நன்கறிந்தோரையும் வியப்பில் ஆழ்த்தினார். முன்னர், பாடகரின் இடத்தைப் பொறி பறித்துக்கொள்ளும் என்று கிராமபோனைக் கண்டித்து எழுதியவர் அவர். அவரே நியூயோர்க்கிலே அல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் நிழற்படக் கலைஞரோடு நட்புப் பூண்டார். தாமுங் கமரா எடுத்துப் படம் பிடித்தார். ஸ்டீக்லிட்ஸ் தம் படங்களை ஓவியம் போலத் தோன்றும்படி மெருகிடும் வழக்கை விட்டொழித்தவர். 1922 முதல் அவர் மேகங்களைப் படம் பிடிக்கலானார். ஊர் தெரியாது, ஆள் தெரியாது, வானமும் முகிலுமே. அவை வானிலைச் சான்றுகளல்ல, உள்ளத்து நிலைகளுக்கு ஒப்பானவை என்றே அவர் கருதினார். கலாயோகியின் முயற்சியினால், 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் பொஸ்டன் நூதனசாலைக்கு நன்கொடையாய் வந்து சேர்ந்தன. நிழற்படத்தைக் கலைப்பொருள் என ஏற்ற அமெரிக்க நூதனசாலைகளுள் அது முன்வரிசையில் நின்றமைக்குக் காரணர், பழங்கலைகளின் காவலரெனப் பெயர்பெற்ற எம்மவரே. கமராவாக நடிக்கும் ஓவியத்தை அவர் ஏற்கவில்லை. ஓவியமாக நடிக்காத நிழற்படத்தை ஏற்றார். பின்னர் 1930இல் அவர் மணந்த லூயிசா அம்மையாரும் நிழற்படக் கலைஞரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1934இல் வெளிவந்த இயற்கை கலையாக மாறுதல் பற்றிய நூலிலே, ஓவியத்தின் ஆறங்கங்களுள் ஒன்றாகிய சாதிருசியத்தை அவர் ஆராய்ந்தார். சாதிருசியம் என்பது ஒப்புமை. அவ்வொப்புமை கண்ணுக்குத் தோன்றும் முகவொப்பு அன்று, உருவத்துக்கும் அதனுட் பொதிந்த பொருளுக்கும் உள்ள இசைவே என்பது அவர் கொண்ட பொருள். காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திர நாடகத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். மாளவிகையின் ஓவியத்தை முதலிற் கண்ட அரசன், ஓவியன் அழகைக் கூட்டிவிட்டான் என ஐயுறுகின்றான். பின்னர் அவளை நேரிற் கண்டதும், ஓவியனுடைய சமாதி தளர்ந்ததனாலேயே படம் குறைவுற்றது என்கின்றான். கை பிழைத்தது என்றோ கண் பிழைத்தது என்றோ அவன் கூறவில்லை. எழுதுமுன் ஓவியன் உள்ளத்தை ஒருமுகப்படுத்தி அப்பொருளாகவே ஆதல் வேண்டும். அதில் வந்த தளர்ச்சியே குறை. கமராவின் குறையை விளக்குவோர் வில்லை தவறியது, ஒளி போதவில்லை என்பர். அதன் பின்னே நிற்பவரின் சமாதியைப் பற்றிப் பேசுவார் அரியர். ஸ்டீக்லிட்ஸிடம் கலாயோகி கண்டது அதுவே போலும்.

இவ்வளவும் ஏற்ற பின்னரும் எமக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். திரும்பி வந்தோரிற் பலர் கூரையையும் கதவையும் இழந்திருந்தனர். அவற்றை மீளச் செய்துகொண்டனர். சிதைந்த கோயில்களிலே புதிய விக்கிரகங்கள் பிரதிட்டை செய்யப்பட்டன. தியான சுலோகமும் அளவு நூலும் உள்ளவரை, பழைய மூர்த்தியே புதிய கல்லில் எழுந்தருளுவார். ஆனால் சுவரிலிருந்து போன தாயின் படத்தை எந்த ஆசாரி மீளத் தருவார்? அதற்குத் தியான சுலோகம் இல்லை. ஒரு நாள், ஒரு ஸ்ரூடியோவில், ஒளி அவ்வம்மையாரின் முகத்திற் பட்டுத் தகட்டிற் சென்று தங்கியது. அது ஒருமுறைதான் நிகழ்ந்தது. ஓவியம் தரமாட்டாத உறுதி இது: இவர் இருந்தார், ஒளி இவரைத் தொட்டது. மானிட உருவம் சுவர்க்கத்துக்கு வழியன்று என்பதைச் சைவர்களாகிய நாம் மறுக்கவில்லை. சுவர்க்கத்துக்கு வழி தேடி எவரும் தாயின் படத்தை மாட்டுவதில்லை. பிள்ளைகளை இழந்தோர் அப்பிள்ளைகளின் படத்தைக் கையிலேந்தித் தெருவில் நிற்கும் இந்நாட்டில், கலாயோகியின் கோட்பாட்டோடு இதனையுஞ் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

1947 ஓகஸ்டில் எழுபது வயது நிறைந்தபொழுது அன்பர்கள் விருந்தளித்துப் பாராட்டினர். தாம் பணியினின்று நீங்கி இந்தியாவுக்குச் சென்று துறவொழுக்கத்தில் அமையவிருப்பதாக அங்கே அறிவித்தார். அது நிறைவேறவில்லை. செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்திலே உயிர் நீத்தார்.

மறுக்கப்பட்ட துரைராஜசிங்கம் அவர்களோ சோர்ந்தாரல்லர். கலாயோகியைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் ஆயுள் முழுதுந் திரட்டி நினைவு மலர்களாக வெளியிட்டார். இன்று நாம் அறிவனவற்றுட் பல அவர் தந்தவை. 1971இல் இலங்கை அரசு, ஆறுமுக நாவலர் முதலானோருடன் ஒரே வரிசையிற் கலாயோகியின் உருவத்தையும் அஞ்சல் முத்திரையிற் பொறித்தது. கொழும்பிலே முன்னர்க் கிறீன் பாத் எனப்பட்ட வீதி இப்பொழுது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. அவ்வீதியிலே 1993இல் தொடங்கிய கலாபொல என்னும் ஓவியச் சந்தை நடைபெறும் நாளில், நாட்டின் பல பாகத்து ஓவியரும் மரநிழலிலே தம் படங்களைச் சாய்த்து வைத்து விற்பர். வாங்க வந்தோர், விலை பேசுமுன் ஓவியத்தைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்பிக் கேட்பதும் உண்டு.